சிம்லா ஆபீசும் ஆறு கிலோமீட்டர் கட்டமும்

புனேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது யோசித்திருப்போம், சிவாஜி நகரில் இருக்கும் அந்த நாற்சந்திக்கு ஏன் 'சிம்லா ஆபீஸ்' என்று பெயர் என்று. சிம்லா எங்கே, புனே எங்கே? விஷயம் ரொம்ப எளிது. 1928ல் இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தது. சிம்லாவிலிருந்து வந்த ஆபீஸ், அதனால் சிம்லா ஆபீஸ். தலைமையகம் 1944ல் டெல்லிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய வானிலைக் கணினி அங்கேதான் ஓடுகிறது. இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய கதை இருக்கிறது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலிருந்து போன் வந்ததும் "அங்க மழை பெய்யுதா?" என்று முதல் கேள்வி கேட்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

வானிலைத் துறை பிறந்ததே சாவுகளின் கணக்கில்தான். 1864ல் ஒரு புயல் கல்கத்தாவைத் துவம்சம் செய்தது. 1866லும் 1871லும் பருவமழை பொய்த்தது. 1875ல் துறையை ஆரம்பித்து ஹென்றி பிளான்ஃபோர்டைப் பொறுப்பில் வைத்தார்கள். அடுத்த வருடமே வந்தது நம் பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்திய தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள். "மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்" என்று அரசாங்கம் பிளான்ஃபோர்டைக் கேட்டது இதற்குப் பிறகுதான். இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை குறைகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1882லிருந்து சோதனையாகவும் 1886லிருந்து முறையாகவும் பருவமழைக் கணிப்பு வெளிவர ஆரம்பித்தது.

அவருக்குப் பின்னால் 1904ல் வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். உலகம் முழுக்க உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் குமாஸ்தாக்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிற தராசு விளையாட்டை அவர்தான் கண்டு சொன்னார். இன்றைக்கு நாம் 'எல் நினோ' என்று பேசுவதன் பாதி அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிளான்ஃபோர்டும் வாக்கரும் சொல்ல முயன்றது 'இந்த வருஷம் மழை கூடவா குறைவா' என்பதை மட்டும்தான். நாளைக்கு, இந்த ஊரில், எவ்வளவு என்ற கேள்விக்குப் புள்ளிவிவரத்தில் பதில் கிடையாது. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்று நம்மவர்கள் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

வாக்கர் இந்தியாவில் பொறுப்பேற்ற அதே 1904ல் நார்வேக்காரர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் வேறொரு வழி சொன்னார். காற்றும் ஒரு பொருள். இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், நாளைக்கு எப்படி இருக்கும் என்று சமன்பாடு போட்டுக் கணக்கிட்டுவிடலாம். சொல்வது சுலபம். செய்து பார்த்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வைக்கோல் போர் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஐரோப்பா வரைபடத்தைச் சுமார் 200 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, உயரத்தை ஐந்து அடுக்காக வெட்டி, 1910 மே 20ம் தேதியின் ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட ஆறு வாரம் ஆனது. வந்த விடை: காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை!

அவர் விடையை மறைக்கவில்லை. 1922ல் அப்படியே புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு கற்பனையும் செய்தார். பெரிய வட்ட அரங்கில் 64,000 பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கட்டத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால், உலகத்தின் வானிலையோடு சேர்ந்து ஓடலாம் என்று. அவருடைய சமன்பாடுகளில் தப்பில்லை என்றும், ஆரம்பத்தில் எடுத்த அளவுகளில் இருந்த சிறு பிசிறுகள்தான் விடையைக் கெடுத்தன என்றும் பல பத்தாண்டுகள் கழித்து நிரூபித்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த 64,000 பேருக்குப் பதிலாக 1950ல் ஒரு இயந்திரம் வந்தது. அமெரிக்காவில் எனியாக் கணினியில் ஜூல் சார்னி, ஜான் வான் நியூமன் குழுவினர் முதல் கணினி வானிலைக் கணிப்பைச் செய்தார்கள். கட்டத்தின் அளவு 736 கி.மீ. அதாவது சென்னையும் மதுரையும் கொழும்பும் ஒரே கட்டத்தில் வந்துவிடும்! 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது. வானிலை முன்னால் ஓட, கணினி மூச்சிரைக்கப் பின்னால் ஓடிய கதை. ஆனாலும் படம் ஓரளவு சரியாக வந்தது. ரிச்சர்ட்சன் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1953ல் இறந்தார்.

இப்போது புனேக்குத் திரும்புவோம். 1962ல் இங்கே வெப்பமண்டல வானிலை நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. முதல் இயக்குநர் கேரளத்து கொல்லங்கோட்டுக்காரர் பி.ஆர். பிஷாரடி. அங்கே அறுபதுகளில் வேலைக்குச் சேர்ந்த ஒரு இளைஞர், உத்தரப் பிரதேசத்தில் பலியா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த ஜகதீஷ் சுக்லா. பிறகு எம்.ஐ.டி.க்குப் போய், எனியாக் புகழ் சார்னியோடேயே வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு குண்டைப் போட்டிருந்தார். ஆரம்ப எண்ணில் தசமப் புள்ளிக்கு அப்புறம் நாலாவது இடத்தில் சின்ன மாற்றம் செய்தாலும், சில நாளில் கணிப்பு தலைகீழாகிவிடும் என்று. அப்படியென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் சொல்லவே முடியாதா? 1981ல் சார்னியும் சுக்லாவும் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பதில் சொன்னது. வெப்பமண்டலத்தில் காற்றின் போக்கைக் கடல் வெப்பமும் மண்ணின் ஈரமும் மெல்லப் பிடித்து இழுக்கின்றன. அவை மெதுவாக மாறுபவை. ஆகவே நாள் வாரியாகச் சொல்ல முடியாவிட்டாலும், பருவமழையின் மொத்தப் போக்கைச் சொல்ல இடமிருக்கிறது. வாக்கர் புள்ளிவிவரத்தில் தடவிப் பார்த்ததற்கு இயற்பியல் காரணம் கிடைத்தது.

1987ல் கடும் வறட்சி. ராஜீவ் காந்தி அரசாங்கம் 1988ல் டெல்லியில் நடுத்தர கால வானிலைக் கணிப்புக்கென்று தேசிய மையம் ஆரம்பித்தது. அதை நிறுவ உதவியவர்களில் சுக்லாவும் ஒருவர். அதற்காக அமெரிக்காவிடம் கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. அணுகுண்டுக் கணக்குக்குப் பயன்படுத்திவிடுவோம் என்ற பயத்தில், அதைவிடச் சக்தி குறைந்த எக்ஸ்-எம்.பி. 14 மாடலை ஏகப்பட்ட நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். நம் கையால் செய்துகொள்வோம் என்று 1988லேயே புனேயில் சி-டாக் ஆரம்பித்து, 1991ல் பரம் 8000 வந்தது இன்னொரு கிளைக்கதை. கிரே இயந்திரத்தில் ஓடிய உலகளாவிய மாடலின் கட்டம் சுமார் 150 கி.மீ.

150 கி.மீ. கட்டம் என்றால் என்ன அர்த்தம்? மும்பையும் புனேயும் நேர்கோட்டில் 120 கி.மீ.தான். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. மகாபலேஷ்வரில் வருஷத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே புனேயில் 700 மி.மீ. சொச்சம். அத்தனையும் ஒரே பெட்டிக்குள் போய், ஒரே சராசரி எண்ணாக வெளியே வரும். மலையே ஒரு மேடு மாதிரி வழுக்கிவிடும். நம் பக்கம் வால்பாறையையும் பல்லடத்தையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிய மாதிரி.

இதை மும்பை 2005 ஜூலை 26ல் அனுபவித்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. அங்கிருந்து இருபது சொச்சம் கி.மீ. தள்ளி கொலாபாவில் வெறும் 73 மி.மீ. அன்றைய உலக மாடல்களின் கட்டங்கள் 40 முதல் 150 கி.மீ. வரை. கட்டத்தை விடச் சிறிய மேகக் கூட்டத்தைக் கட்டம் பார்க்காது. மும்பையில் டாப்ளர் ராடாரும் அன்று கிடையாது. நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் பணம் தின்னும் கணக்கு வருகிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். அதோடு முடியாது. ஒரு கட்டத்தைக் காற்று தாண்டுவதற்குள் அடுத்த கணக்கைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் விடை வெடித்துவிடும். ஆகவே கால இடைவெளியும் பாதியாகும். மொத்த வேலை எட்டு மடங்கு. 150 கி.மீ.யில் இந்தியா முழுவதும் சுமார் 146 பெட்டிகளில் அடங்கும். 6 கி.மீ.யில் 91,000க்கும் மேல். கால இடைவெளியையும் சேர்த்தால் வேலை பதினைந்தாயிரம் மடங்குக்கு மேல் போகும். இதனால்தான் உலகம் முழுக்கப் பெரிய கட்டத்தில் ஓட்டிவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் சிறு கட்டத்தில் ஓட்டும் பிராந்திய மாடல்கள் வந்தன. உலக மாடல் ஓரங்களில் காற்றை ஊட்ட, உள்ளே பூதக்கண்ணாடி வைத்த மாதிரி.

கட்டம் சிறிதாவதில் இன்னொரு லாபமும் உண்டு. இடி மழை மேகம் சில கி.மீ. அகலம்தான். பெரிய கட்டத்தில் மேகத்தை நேரடியாகக் கணக்கிட முடியாது. இவ்வளவு ஈரம் இருந்தால் இவ்வளவு மழை என்று ஒரு உத்தேசச் சூத்திரம் வைப்பார்கள். கட்டம் நான்கு கி.மீ. பக்கம் வரும்போதுதான் மேகம் எழும்புவதை இயற்பியலே காட்ட ஆரம்பிக்கும்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 1999 அக்டோபரில் ஒடிசா சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே கடற்கரைக்கு பைலின் புயல் வந்தபோது, வானிலைத் துறை 25 கி.மீ. பக்கம் கட்டம் கொண்ட உலக மாடலும் 9 கி.மீ. பிராந்திய மாடலும் ஓட்டிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. பாராட்டு முழுவதும் கணினிக்குப் போகக்கூடாது. நடுவில் கட்டிய புயல் பாதுகாப்புக் கூடங்களும், வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பிய ஊழியர்களும் இல்லாவிட்டால் அந்தக் கணிப்பு ஒரு காகிதம்தான்.

2018 ஜனவரியில் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என்று இரண்டு இயந்திரங்கள் வந்தன. அந்த ஜூனில் 12 கி.மீ. கட்டத்தில், ஒன்றல்ல, கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட 21 தொடக்கங்களிலிருந்து 21 கணிப்புகளை ஓட்ட ஆரம்பித்தார்கள். லோரன்ஸ் போட்ட குண்டுக்கு இது ஒரு கவசம். 21ல் 18 ஒரே பதில் சொன்னால் நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால் ஜாக்கிரதை. 2024 செப்டம்பரில் புனேயில் அர்கா (11.77 பெட்டாஃப்ளாப்), நொய்டாவில் அருணிகா (8.24 பெட்டாஃப்ளாப்). பழைய கிரே இயந்திரத்தை விட அர்கா கோடிக்கணக்கான மடங்கு வேகம். 2025 மே 26ல் புனே நிறுவனம் உருவாக்கிய 'பாரத் கணிப்பு முறை' 6 கி.மீ. கட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 736லிருந்து 6க்கு வர 75 வருடம்.

ஆனால் கதை இங்கே சுபமாக முடியவில்லை. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. மும்பையின் அந்த 944 மி.மீ.யும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே எண். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. புயல் பெயர் எதுவும் இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது நினைவிருக்கும். எங்கள் பெரியப்பா வீடு அந்தப் பக்கம்தான். இரண்டு நாள் போன் கிடைக்காமல் இங்கே உட்கார்ந்து டிவி பார்த்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் ஒரு பக்கத்து வீட்டுப் பையன் மொட்டை மாடியிலிருந்து பேசினான். எல்லோரும் பிழைத்தார்கள், வீட்டிலிருந்த நெல்லும் மாடும் பிழைக்கவில்லை.

அப்போதே நம்மிடம் 12 கி.மீ. கட்டம் இருந்தது. எச்சரிக்கை எப்போது வந்தது, அளவைச் சரியாகச் சொன்னார்களா என்று மாநில அரசுக்கும் வானிலைத் துறைக்கும் வாக்குவாதமே நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை விட, அந்த எச்சரிக்கையின் மொழியைப் பார்க்கச் சொல்வேன். வானிலைத் துறையின் கடைசி வகை 'அதி கனமழை', அதாவது 20 செ.மீ.க்கு மேல். அதற்கு மேல் வகையே கிடையாது. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே பெயரில், ஒரே சிவப்பு நிறத்தில் வருகின்றன. முதலாவதுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். இரண்டாவதுக்கு வீட்டை விட்டே கிளம்ப வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ., நுங்கம்பாக்கம் 29 செ.மீ. என்று பெய்தபோதும் இதே சிக்கல்தான்.

இரண்டாவது, ரிச்சர்ட்சனின் பிசிறு. கட்டம் எவ்வளவு சிறிதானாலும், தொடக்கத்தில் கொடுக்கும் அளவு தப்பென்றால் விடையும் தப்பு, இன்னும் அழகாக, இன்னும் துல்லியமாகத் தோன்றும் தப்பு! நம் மழை கடலிலிருந்து வருகிறது. வங்கக் கடல் மேல் மழைமானி வைக்க முடியாது. செயற்கைக் கோளும், மிதவைகளும், கரையோர ராடாரும்தான் கதி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி, 1948ல் இங்கே புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்து, நூறு கருவிகளுக்கு அருகில் வரைபடம் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். சூப்பர் கம்ப்யூட்டர் திறப்பு விழாவுக்குக் கூட்டம் வருகிறது; மழைமானியைச் சரி பார்க்கிற ஆளுக்கு யாரும் மாலை போடுவதில்லை. என்னைக் கேட்டால் அடுத்த ஐநூறு கோடி ரூபாயில் பாதி அந்த ஆளுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, இப்போது செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்துவிட்டன. சமன்பாடே போடாமல், பழைய வானிலையைப் படித்துப் பழகி, சில நிமிடத்தில் கணிக்கின்றன. 2025ல் மத்திய வேளாண் அமைச்சகம் இப்படிப்பட்ட பருவமழைத் தொடக்கக் கணிப்பை சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. நல்ல விஷயம். ஆனால் அவை படிக்கும் பாடப் புத்தகம், இயற்பியல் மாடல்கள் பழைய அளவுகளிலிருந்து கட்டித் தந்த வானிலை வரலாறு. 95 செ.மீ. மாதிரி அபூர்வமானவை அந்தப் புத்தகத்திலும் ஓரிரு வரிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் செல்போனில் 'நாளை மாலை 4 மணிக்கு உங்கள் கிராமத்தில் மழை' என்று காட்டுகிறதே, அது உங்கள் கிராமத்தில் யாரோ அளந்து சொன்னதல்ல. பல கி.மீ. அகலமுள்ள ஏதோ ஒரு கட்டத்தின் எண்ணை உங்கள் ஊர்ப் பெயரில் ஒட்டியது. அதை வைத்து "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று வெளியூரிலிருந்து தைரியம் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் சென்னை மண்டல வானிலை மையத்தின் மாவட்ட அறிக்கையைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு நிறம் வந்துவிட்டால், 20 செ.மீ. என்று படிக்காதீர்கள், மேல் எல்லை இல்லாத எண் என்று படியுங்கள். அப்பா அம்மாவை மேடான இடத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு ராத்திரி போகச் சொல்லுங்கள். மழை ஏமாற்றிவிட்டால் திட்டு வாங்கிக்கொள்ளலாம், பரவாயில்லை.